வினைச்சொல் எதற்குச் சாட்சி?

1794-இல் லண்டனில் ‘பிரிட்டிஷ் சினானிமி’ என்ற நூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. எழுதியவர் ஹெஸ்டர் பியோட்சி. அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனோடு பல ஆண்டுகள் நட்புக் கொண்டிருந்தவர். முதல் கணவர் இறந்தபின் கேப்ரியேல் பியோட்சி என்ற இத்தாலிய இசைக் கலைஞரை மணந்துகொண்டவர். ஒரே பொருள் தருவதுபோல் தோன்றும் ஆங்கிலச் சொற்களில் எதை எங்கே ஆள்வது என்று வேற்றுமொழிக்காரருக்கு எடுத்துச் சொல்ல எழுதப்பட்ட நூல் அது. வீட்டுக்குள்ளேயே அயல்மொழிக்காரர் ஒருவர் இருந்ததால், தாய்மொழிக்காரர் கவனிக்காத தடுமாற்றங்கள் அவர் கண்ணில் பட்டிருக்கலாம்.

இத்தகைய நூலை முதலில் எழுதியவர் அவர் அல்லர். பிரெஞ்சு மொழிக்கு ஜிரார் என்ற பாதிரியார் 1718-இலேயே இதைச் செய்திருந்தார். அதை அடியொற்றி ஜான் டிரஸ்லர் 1766-இல் ஆங்கிலத்துக்கு ஒரு நூல் செய்தார். பியோட்சிக்குப் பின் 1816-இல் ஜார்ஜ் கிராப் எழுதிய பெருநூல் பல தலைமுறைகள் மறுபடி மறுபடி அச்சேறியது. 1852-இல் வந்த ரோஜெட்டின் ‘தெசாரஸ்’ இன்றும் நம் நூலகங்களில் இருக்கிறது. ஆனால் அது சொற்களைப் பொருள்வாரியாகக் கூட்டி வைத்ததே தவிர, அவற்றின் வேற்றுமையைச் சொல்ல முனையவில்லை.

வேற்றுமை சொல்ல முனைந்தவர்கள் எல்லோரும் கையாண்ட வழி ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு மூன்று சொற்களை அருகருகே வைப்பார்கள். லத்தீன் வேர், பழைய ஆங்கில வேர் பார்ப்பார்கள். பிறகு, நல்ல செவி உள்ளவர் எப்படி ஆள்வார் என்று தம் தீர்ப்பைச் சொல்வார்கள். தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏன் சரி என்று கேட்டால் ‘வழக்கு அப்படி’ என்பதற்கு மேல் பதில் வராது. நுண்மை இருந்தது, சோதனை இல்லை. வினைச்சொற்களில் இந்தக் குறை மிகவும் உறுத்தும். பெயர்ச்சொல் ஒரு பொருளைச் சுட்டிவிட்டு நின்றுவிடும். வினைச்சொல்லோ யார், எதை, எதனால், முடிந்ததா இல்லையா என்று ஒரு நிகழ்ச்சியையே சுமந்து வருகிறது. நெருங்கிய இரு வினைகளின் வேற்றுமை தனிச் சொல்லில் தேடினால் அகப்படாது, வாக்கியத்தில்தான் அகப்படும். இதை ஐயத்துக்கு இடமின்றிச் செய்து காட்டியவர் அமெரிக்க மொழியியல் அறிஞர் சார்லஸ் ஃபில்மோர்.

1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே அடித்தல், உடைத்தல் ஆகியவற்றின் இலக்கணம் என்பதுதான். அவர் எடுத்துக்கொண்ட வினைகள் ‘ஹிட்’, ‘பிரேக்’. ஒரு சிறுவன் கல்லால் சன்னலை அடித்தான், ஒரு சிறுவன் கல்லால் சன்னலை உடைத்தான் என்ற இரண்டு ஆங்கில வாக்கியங்களும் ஒரே அமைப்பில் நிற்கும். எழுவாய், செயப்படுபொருள், கருவி எல்லாம் அப்படியே இருக்கும். இப்போது சிறுவனையும் கல்லையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘த விண்டோ பிரோக்’ என்பது நல்ல ஆங்கிலம். ‘த விண்டோ ஹிட்’ என்று எவரும் சொல்லமாட்டார்கள். அடுத்து, உடலுறுப்பைச் செயப்படுபொருளாக வைத்துப் பாருங்கள். ‘ஐ ஹிட் ஹிஸ் லெக்’ என்பதை ‘ஐ ஹிட் ஹிம் ஆன் த லெக்’ என்று மாற்றிச் சொல்லலாம். ‘ஐ பிரோக் ஹிஸ் லெக்’ என்பதை அப்படி மாற்றினால் வாக்கியமே குலைந்துவிடும்.

காரணத்தையும் ஃபில்மோர் விளக்கினார். ‘ஹிட்’ என்பது ஒன்று மற்றொன்றின் பரப்பில் விசையோடு படுவதைச் சொல்கிறது. பட்ட பொருளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. ‘பிரேக்’ என்பது பொருளின் நிலை மாறியதைச் சொல்கிறது. எப்படி மாறியது, யார் மாற்றினார் என்பது அதற்கு இரண்டாம்பட்சம். சுத்தியலால் அடித்தேன், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதில் முரண் இல்லை. உடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றால் முரண். இலக்கணத்தில் தெரிந்த நடத்தை வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒரு பொருள் வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

இந்தச் சோதனை தமிழிலும் நிற்கிறது. ‘அவனைக் காலில் அடித்தேன்’ என்கிறோம். ‘அவனைக் காலில் உடைத்தேன்’ என்பதில்லை. ஓரிடத்தில் மட்டும் இரு மொழிகளும் பிரிகின்றன. உடைந்தது, உடைத்தது என்று தமிழ் தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறு வடிவம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ‘பிரேக்’ என்ற ஒரே வடிவத்தை ஆள்கிறது. ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இத்தகைய இணைகள் உண்டு. உயிரெழுத்தை மாற்றிப் பிறவினை ஆக்கும் பழைய ஜெர்மானிய முறை அது. விழுவது ‘ஃபால்’, மரத்தை வீழ்த்துவது ‘ஃபெல்’. உட்காருவது ‘சிட்’, வைப்பது ‘செட்’. கிடப்பது ‘லை’, கிடத்துவது ‘லே’. குடிப்பது ‘டிரிங்க்’, இன்று ‘நனைத்துவிடுதல்’ என்ற பொருளில் வழங்கும் ‘டிரெஞ்ச்’ முதலில் குடிக்கச் செய்வதைக் குறித்தது. அந்த முறை செத்துப்போய், எஞ்சிய சில இணைகள் மட்டும் நிற்கின்றன. ஆங்கிலேயரே ‘லை’யையும் ‘லே’யையும் குழப்பிக்கொள்வதற்குக் காரணம், அந்த இணைகளைத் தாங்கிய இலக்கணம் இன்று மொழியில் உயிரோடு இல்லை என்பதே.

ஃபில்மோர் தொடங்கியதைப் பெத் லெவின் பெரிய அளவில் செய்தார். 1993-இல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவருடைய நூல் 3,000-க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை அவற்றின் வாக்கிய நடத்தையைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்தது. அதன் முன்னுரையில் நான்கு வினைகள் வருகின்றன: ‘டச்’, ‘ஹிட்’, ‘கட்’, ‘பிரேக்’. ரொட்டியை நோக்கிக் கத்தியை ஓட்டினான், வெட்டுப்பட்டதோ இல்லையோ தெரியாது என்ற பொருளில் ‘கட் அட்’ என்று சொல்லலாம். ‘ஹிட் அட்’ என்றும் சொல்லலாம். ‘டச் அட்’, ‘பிரேக் அட்’ வராது. இந்த ரொட்டி எளிதில் வெட்டுப்படும் என்ற பொருளில் ‘கட்ஸ் ஈசிலி’ வரும், ‘பிரேக்ஸ் ஈசிலி’ வரும். மற்ற இரண்டும் வாரா. ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு பொருள் கூற்றைத் தொட்டுக் காட்டுகிறது. தொடுதலில் தொடர்பு மட்டும் உண்டு. அடித்தலில் தொடர்பும் அசைவும் உண்டு. உடைத்தலில் மாற்றம் மட்டும். வெட்டுதலில் மூன்றும். மூவாயிரம் வினைகளுக்கு இதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்நூலைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நம் பழைய உரையாசிரியர்களின் உழைப்பு நினைவுக்கு வரும்.

லெவினும் மால்கா ராப்பபோர்ட் ஹோவாவும் இதிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு வினை செய்யும் விதத்தைச் சொல்லும், அல்லது விளைவைச் சொல்லும். இரண்டையும் ஒரே வேரில் அடைத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் முன்வைத்த கொள்கை. ‘வைப்’ என்றால் துணியால் துடைப்பது. மேசை சுத்தமானதா என்று அது சொல்லாது. ‘கிளீன்’ என்றால் சுத்தமாக்குவது; துடைத்தா, கழுவியா, ஊதியா என்று அது சொல்லாது. அழகான கொள்கைதான். ஆனால் ஜான் பீவர்ஸ், ஆண்ட்ரூ கூன்ட்ஸ்-கார்போடன் இருவரும் 2012-இல் இதை மறுத்தார்கள். நீரில் மூழ்கடித்துக் கொல்வதைக் குறிக்கும் ‘டிரௌன்’, மின்சாரத்தால் கொல்வதைக் குறிக்கும் ‘எலெக்ட்ரோக்யூட்’ போன்ற வினைகள் விதத்தையும் சொல்கின்றன, இறந்ததையும் சொல்கின்றன என்று காட்டினார்கள். என் கணிப்பில் மறுப்பு வலுவானது. ஆனாலும் பெரும்பாலான அன்றாட வினைகளுக்கு முதற்கொள்கை நல்ல வழிகாட்டி. புதிய ஆங்கில வினை ஒன்றைச் சந்திக்கும்போது, இது விதமா விளைவா என்று கேட்டுப் பார்ப்பது அகராதி தரும் பத்து ஒத்த சொற்களைவிடப் பயன் தரும்.

தமிழர் ஆங்கிலம் எழுதும்போது தவறிவிழும் இடம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ‘பையனை எழுப்பினேன், எழுந்திருக்கவே இல்லை’ என்பது எந்த வீட்டிலும் கேட்கும் தமிழ். ‘விளக்கை அணைத்தேன், அணையவில்லை’ என்றும் சொல்கிறோம். இதை அப்படியே ஆங்கிலத்தில் ‘ஐ வோக் ஹிம், பட் ஹி டிட்ன்ட் வேக் அப்’ என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார். ஆங்கில ‘வேக்’ விளைவுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது, எழுந்தால்தான் எழுப்பியது. தமிழ் ‘எழுப்பு’ முயற்சியோடு நின்றுகொள்ளலாம். விளைவும் உறுதியாக வேண்டுமானால் ‘எழுப்பிவிட்டேன்’ என்று ஒரு துணைவினையைச் சேர்த்துக்கொள்கிறோம். தமிழில் நிகழ்ச்சி முற்றுப்பெறுவது எப்படிச் சொல்லப்படுகிறது என்று எரிக் பெடர்சன் 2008-இல் எழுதிய ஆய்வு இந்தப் போக்கைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே ‘எழுப்பு’க்கு நேர் ‘வேக்’ என்று மனப்பாடம் செய்தவருக்குப் பாதிதான் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பல இடங்களில் அவர் எழுத வேண்டியது ‘டிரைட் டு வேக்’.

முயற்சிக்கும் வெற்றிக்கும் இடையே உள்ள இந்தக் கோட்டைத் தத்துவத்தில் முதலில் அழுத்தமாக வரைந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் கில்பர்ட் ரைல். 1949-இல் வந்த ‘த கான்செப்ட் ஆஃப் மைண்ட்’ நூலில், ஒரு வேலையைச் சொல்லும் வினைகளையும் அந்த வேலை கைகூடியதைச் சொல்லும் வினைகளையும் அவர் பிரித்தார். தேடுவது வேலை, கண்டுபிடிப்பது பேறு. ‘லுக்’ வேலை, ‘ஸீ’ பேறு. ‘லிசன்’ வேலை, ‘ஹியர்’ பேறு. கவனமாகத் தேடலாம், பொறுமையாகத் தேடலாம். கவனமாகக் கண்டுபிடிப்பது என்று ஒன்று இல்லை. ஓட்டப் பந்தயத்தில் ஓடுவதற்கு நேரம் பிடிக்கும்; வெல்வது ஒரு கணம். ‘ஸீ’ என்பதை ஒரு செயலாக எண்ணிக்கொண்டு அந்தச் செயல் மூளைக்குள் எப்படி நடக்கிறது என்று தேடிய தத்துவவாதிகள், இலக்கணம் தெரியாமல் ஏமாந்தார்கள் என்பது ரைலின் வாதம்.

தமிழில் ‘கேள்’ என்ற ஒரு வினை ‘லிசன்’, ‘ஹியர்’, ‘ஆஸ்க்’ மூன்றுக்கும் போகிறது. அதனால் தமிழுக்கு இந்த வேற்றுமை தெரியாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காதில் விழுந்தது என்றால் ‘ஹியர்’. காது கொடுத்துக் கேட்டேன் என்றால் ‘லிசன்’. கண்ணில் பட்டது வேறு, பார்த்தேன் வேறு. ஆங்கிலம் தனி வினை கொண்டு செய்வதைத் தமிழ் தொடர் கொண்டு செய்கிறது. மருத்துவத்தில் இந்தக் கோடு உயிர் சம்பந்தப்பட்டது. ‘டிரீட்’ என்றால் சிகிச்சை தருவது, ‘கியூர்’ என்றால் நோயைத் தீர்ப்பது. முதல் வினையை எந்த மருத்துவமனையும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைச் சொல்பவர் சான்று காட்டக் கடமைப்பட்டவர். நோயாளியும் அவர் வீட்டாரும் விளம்பரத்தில் எந்த வினை இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

விளைவைச் சொல்லும் வினையிலும் ஒரு நுட்பம் உண்டு. 1960-களின் இறுதியில் ஜேம்ஸ் மெக்காலி, ‘கில்’ என்பதை உயிரோடு இல்லாத நிலைக்கு வரச் செய்தல் என்று கூறுபிரித்தார். கேட்க நியாயமாகத் தோன்றும். 1970-இல் ஜெரி ஃபோடோர் அதை மறுத்து எழுதினார். சனிக்கிழமை ஒருவன் நஞ்சு வைக்கிறான். உண்டவர் ஞாயிற்றுக்கிழமை இறக்கிறார். சனிக்கிழமை நஞ்சு வைத்து ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாகச் செய்தான் என்ற பொருளில் ‘காஸ்ட் ஹிம் டு டை’ என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியும். அதே வாக்கியத்தில் ‘கில்ட்’ என்று போட்டால் இடறுகிறது. ‘கில்’ காரணத்தையும் மரணத்தையும் ஒரே நிகழ்ச்சியாகக் கட்டிவிடுகிறது. நாளைப் பிரித்துச் சொல்ல இடம் தருவதில்லை. சொல்லைக் கூறுபோட்டுக் கிடைக்கும் வரையறையும் அந்தச் சொல்லும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

இதுவரை பார்த்தவை, வினை எதை உறுதியாகச் சொல்கிறது என்பது பற்றியவை. வினை சொல்லாமலே ஒப்புக்கொள்ள வைப்பது எது என்று கேட்டால் விவகாரம் ஆழமாகிறது. பத்திரிகை படிக்கும் எவரும் இங்கே சற்று நிற்க வேண்டும். ‘அக்யூஸ்’, ‘கிரிட்டிசைஸ்’ என்ற இரு வினைகளைப் பற்றி ஃபில்மோர் தீர்ப்பு வினைகள் குறித்த தம் கட்டுரையில் சொன்னது மிக எளிது, மிகக் கூர்மை. ஓர் ஆணையில் கையெழுத்திட்டதற்காக அமைச்சரை எதிர்க்கட்சித் தலைவர் ‘அக்யூஸ்’ செய்தார் என்றால், கையெழுத்திட்டது தவறு என்பது இருவருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கையெழுத்திட்டவர் இவர்தான் என்பது தலைவரின் கூற்று. ‘கிரிட்டிசைஸ்’ செய்தார் என்றால், கையெழுத்திட்டவர் இவர் என்பது ஏற்கெனவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அது தவறு என்பது கூற்று. எது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டது, எது இப்போது வாதிடப்படுகிறது என்பது இரண்டு வினைகளிலும் அப்படியே தலைகீழாகிறது.

அமைச்சர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் வினையே தீர்மானித்துவிடுகிறது. முதலாவதற்கு, நான் கையெழுத்திடவில்லை என்பது பதில். இரண்டாவதற்கு, கையெழுத்திட்டதில் தவறில்லை என்பது பதில். செய்தி எழுதுபவர் வினையை மாற்றிப் போட்டுவிட்டால், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர் அதைச் செய்தவராகவே வாசகர் மனத்தில் பதிந்துவிடுவார். அதற்கு ஒரு பொய் வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. தமிழில் குற்றம்சாட்டினார், கண்டித்தார், விமர்சித்தார் என்று நமக்கும் வினைகள் உண்டு. ஆங்கில நிறுவனச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கும் மேசைகளில் மூன்றும் மாறி மாறி விழுவதைக் காண்கிறோம். இது நடைப்பிழை என்று தள்ளிவிடக்கூடியதன்று, உண்மைப் பிழை.

1970-இல் பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி இருவரும் எழுதிய கட்டுரை இன்னொரு வரிசையைத் திறந்தது. ‘ரியலைஸ்’, ‘ரிக்ரெட்’ போன்ற வினைகள் தமக்குப் பின்வரும் செய்தியை உண்மை என்றே வைத்துக்கொள்கின்றன. எதிர்மறை ஆக்கினாலும் அந்த ஒப்புதல் போவதில்லை. மழை பெய்கிறது என்பதை அவர் உணரவில்லை என்றால் மழை பெய்கிறது என்றே பொருள். மழை பெய்கிறது என்று அவர் நம்பவில்லை என்றால் பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம். ‘செட்’, ‘கிளெய்ம்ட்’, ‘அட்மிட்டட்’, ‘ரிவீல்ட்’ நான்கும் ஒருவர் பேசியதைச் சொல்லும் வினைகள்தாம். ‘செட்’ மட்டுமே கைகட்டி நிற்கிறது. ‘கிளெய்ம்ட்’ நம்பாதே என்று கண் காட்டுகிறது. ‘ரிவீல்ட்’ நம்பு என்கிறது. ‘அட்மிட்டட்’ நம்பச் சொல்வதோடு, மறைக்கவேண்டிய ஒன்றை மறைத்து வைத்திருந்தார் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. 1971-இல் லவுரி கார்ட்டுனென் ‘மேனேஜ்’, ‘ஃபெயில்’ போன்றவற்றைச் சேர்த்தார். ‘ஷீ மேனேஜ்ட் டு பாஸ்’ என்றால் தேர்ச்சி பெற்றாள் என்பதோடு, பெறுவது கடினமாக இருந்தது என்பதும் உள்ளே வந்துவிடும். நன்றாகப் படிக்கும் பெண்ணைப் பாராட்ட எழுதும் கடிதத்தில் இந்த வினை அவளுக்குக் கெடுதல் செய்யும்.

வினை மாறினால் கேட்பவர் மனத்தில் நிகழ்ச்சியே மாறுமா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் இதைச் சோதித்தார்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வி ஒன்றே, வினை மட்டும் குழுவுக்குக் குழு வேறு. ‘ஸ்மாஷ்ட்’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன வேகத்தின் சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். ‘கொலைடட்’, ‘பம்ப்ட்’, ‘ஹிட்’ என்று படிப்படியாகக் குறைந்து, ‘கான்டாக்டட்’ என்று கேட்கப்பட்டவர்களிடம் அது 32 மைலைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் சோதனையில் 150 பேர். ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ‘ஹிட்’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் பார்த்தோம் என்றவர்கள் 7 பேர்; வேகம் பற்றி எதுவும் கேட்கப்படாத 50 பேரில் 6 பேர்; ‘ஸ்மாஷ்ட்’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். அடித்தல், உடைத்தல் பற்றி ஃபில்மோர் இலக்கணத்தில் கண்ட கோடு சாட்சிகளின் நினைவிலும் ஓடுகிறது. ‘ஹிட்’ கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘ஸ்மாஷ்’ சொல்லிவிட்டது.

சாட்சி என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வரும்; நீதிமன்றம் என்றதும் ‘ஸ்டீல்’, ‘ராப்’ இணையைச் சொல்ல வேண்டும். ‘ஸ்டீல்’ செய்யப்படுவது பொருள். ‘ராப்’ செய்யப்படுவது ஆள் அல்லது இடம். பணம் ‘ஸ்டோலன்’, நான் ‘ராப்ட்’. ஒரே நிகழ்ச்சியில் ஒரு வினை பறிபோனதை முன்னே நிறுத்துகிறது, மற்றது பறிகொடுத்தவரை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் இந்த வேற்றுமைக்கு மேல் இன்னொன்றையும் கட்டியது. அதன் 1-ஆம் பிரிவு திருட்டை வரையறுக்கிறது. 8-ஆம் பிரிவின்படி, திருடும்போதோ அதற்கு உடனடியாக முன்போ, திருடுவதற்காக வன்முறையைக் கையாண்டால் அல்லது அச்சுறுத்தினால்தான் ‘ராபரி’. வீட்டார் ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்துப் பொருள் எடுத்தது 9-ஆம் பிரிவில் வேறு குற்றம். சாதாரண ஆங்கிலத்தில் அந்த வீட்டுக்காரரும் ‘ஐ வாஸ் ராப்ட்’ என்றுதான் புலம்புவார். சட்டம் அதை ஏற்காது. தமிழில் ‘கொள்ளையடி’ இரு பக்கமும் போகும்: வங்கியைக் கொள்ளையடித்தார்கள் என்கிறோம், நகையைக் கொள்ளையடித்தார்கள் என்றும் சொல்கிறோம். இந்த நெகிழ்ச்சியோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர் ‘தே ராப்ட் த ஜுவல்ஸ்’ என்று எழுதுகிறார்.

பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லும் வினைகளும் உண்டு. ‘கம்’, ‘கோ’, ‘பிரிங்’, ‘டேக்’. 1971-இல் சாண்டா குரூஸில் ஆற்றிய விரிவுரைகளில் ஃபில்மோர் இவற்றை விரித்துரைத்தார். ‘கம்’ என்பது பேசுபவர் இருக்கும் இடத்துக்கு மட்டும் உரியதன்று. கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் உரியது. அதனால்தான் தொலைபேசியில் ‘ஐ ஆம் கமிங் டு யுவர் ஹவுஸ்’ என்கிறார்கள். தமிழ் மாணவருக்கு இது சிக்கலே இல்லை. நாமும் ‘உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்றுதான் சொல்கிறோம். இந்த விதியைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்துவைத்திருக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கில், வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியவை என்பது அங்கே கூறப்படுகிறது. எச்சவியலில் இன்னொரு நுட்பம்: ஒன்றை இரந்து கேட்கும்போது தாழ்ந்தவர் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர் ‘கொடு’ என்பார். ஜிராருக்கும் பியோட்சிக்கும் பல நூற்றாண்டுகள் முன்னதாக, நெருங்கிய வினைகளின் வேற்றுமையை இடத்தாலும் உறவாலும் பகுத்தறிந்த மரபு இது. நம் பாடநூல்கள் இந்த நூற்பாக்களைப் பழம்பெருமையாக மட்டும் நிறுத்திவிடாமல், ஆங்கில வகுப்பிலும் எடுத்து ஆண்டால் பிள்ளைகளுக்கு ‘பிரிங்’, ‘டேக்’ ஒரே நாளில் விளங்கும்.

எல்லா வேற்றுமையும் இலக்கணச் சோதனைக்கு அகப்படுவதில்லை. சில வினைகள் எந்தச் சொற்களோடு கூடிப் புழங்குகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம் என்பது ஜே. ஆர். ஃபர்த் 1957-இல் சொன்ன கருத்து. அவர் வழியில் வந்த ஜான் சிங்க்ளேர், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கணினியில் திரட்டிய பல லட்சம் சொற்களை வைத்து 1987-இல் ‘கோபில்ட்’ அகராதியைக் கொண்டுவந்தார். கணினி காட்டியவை தாய்மொழிக்காரர்களையே வியக்க வைத்தன. ‘செட் இன்’ என்ற வினைக்கு எழுவாயாக வருபவை அழுகல், சோர்வு, விரக்தி போன்றவையே. நடுநிலையான சொல் என்று எல்லோரும் எண்ணியிருந்த ‘காஸ்’ பெரும்பாலும் கேட்டோடுதான் சேர்கிறது என்று மைக்கேல் ஸ்டப்ஸ் 1995-இல் காட்டினார்: விபத்து, சேதம், நோய், கவலை. ‘புரவைட்’ இதற்கு நேர்மாறு. ஒருவர் வருகையால் மகிழ்ச்சி ஏற்பட்டது என்பதை ‘காஸ்ட் ஹாப்பினஸ்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலச் செவியில் அது உறுத்தும். தமிழ் ‘விளைவித்தது’ம் ஏறத்தாழ அப்படித்தான் நடந்துகொள்கிறது. ‘ஹாப்பன்’, ‘டேக் பிளேஸ்’ வேற்றுமையும் இந்த வகையே. விபத்து ‘ஹாப்பன்’ ஆகும். திருமணம் ‘டேக் பிளேஸ்’ ஆகும். எதிர்பாராமல் நடப்பதற்கு ஒன்று, ஏற்பாடு செய்து நடப்பதற்கு மற்றொன்று.

சிங்க்ளேரின் அகராதி செய்த இன்னொரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வினைக்கு இன்னொரு வினையைப் பொருளாகத் தரும் பழக்கத்தை அது பெரும்பாலும் கைவிட்டு, முழு வாக்கியத்தால் விளக்கம் தந்தது. யார் யாரை என்ன செய்தால் இந்த வினை பொருந்தும் என்று அந்த வாக்கியம் காட்டிவிடும். செயப்படுபொருள் ஆளா பொருளா, விளைவு உறுதியா இல்லையா என்பதெல்லாம் விளக்கத்திலேயே வந்துவிடும். தமிழ்ச் சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் வழியை 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நன்றாகவே நிலைநாட்டியது.

ஆங்கிலம்-தமிழ் அகராதிகளுக்கு அந்த நன்மை இன்னும் முழுமையாக வரவில்லை. நம் மாணவர் கையில் இருக்கும் கையடக்க அகராதிகளில் ‘வேக்’ எதிரே எழுப்பு, ‘ராப்’ எதிரே கொள்ளையடி, ‘அக்யூஸ்’ எதிரே குற்றம்சாட்டு என்று ஒற்றைச் சொல்தான் நிற்கிறது. அகராதி தொகுப்பவர்களும் பாடநூல் எழுதுபவர்களும் ஒவ்வொரு ஆங்கில வினைக்கும் அது பொருந்தும் வாக்கியம் ஒன்றையும் பொருந்தாத வாக்கியம் ஒன்றையும் அச்சிட்டுத் தர வேண்டும். ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வகுப்பில் ‘ஹிட்’, ‘பிரேக்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, சன்னலை எழுவாயாக்கினால் எது நிற்கிறது என்று பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம்.